சாட்ஸ்வொர்த் கழகம் எந்தப் படியில் ஆடலாம்? டர்பன் வட்டாரக் கால்பந்து லீக்குகள் பற்றிய ஓர் ஒப்பீடு

வருகிற பருவத்தில் எங்கள் முதல் அணியை எந்த லீக்கில் நிறுத்துவது என்ற கேள்வி, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இயங்கும் எங்கள் சிறிய கால்பந்துக் கழகத்தின் செயற்குழுவில் மூன்று கூட்டங்களைக் கடந்தும் தீராமல் நிற்கிறது. சென்ற பருவத்தில் உள்ளூர்ச் சங்க லீக்கில் முதலிடம் பெற்றதால் மேலே போக ஒரு கதவு திறந்திருக்கிறது. மாகாண லீக்கில் ஆடும் ஓர் அணியின் இடத்தை விலைக்கு வாங்கித் தருவதாக ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனதால், இன்னொரு கதவும் திறந்திருப்பதுபோல் சிலருக்குத் தோன்றுகிறது. இருக்கும் இடத்திலேயே இருந்துவிடலாம் என்போரும், பெரியவர்கள் அணியைக் கலைத்துவிட்டுச் சிறுவர்களை மட்டும் வளர்க்கலாம் என்போரும் குழுவில் உண்டு. இந்த நான்கு வழிகளையும் எடைபோட்டு எழுதும்படி குழு என்னைப் பணித்தது. விலைக்கு வாங்கும் வழிக்கு நான் எதிரானவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

தென்னாப்பிரிக்கக் கால்பந்தின் ஏணியை மேலிருந்து கீழாகப் பார்ப்பது எளிது. உச்சியில் பி.எஸ்.எல். என்னும் தொழில்முறை லீக் அமைப்பு நடத்தும் 16 அணிகளின் முதல் பிரிவு இருக்கிறது; அதற்கு அடுத்த படியில், அதே பி.எஸ்.எல். நடத்தும் இன்னொரு 16 அணிகளின் தேசிய முதல் டிவிஷன் இருக்கிறது. இப்போது மோட்சேப்பே அறக்கட்டளையின் பெயரைத் தாங்கும் இந்த இரண்டாம் படி, 2011 வரை உள்நாட்டுப் பிரிவு, கடலோரப் பிரிவு என இரண்டாக இருந்து, பின்னர் ஒன்றாக்கப்பட்டது. இவ்விரு படிகளுக்குக் கீழே உள்ள அனைத்தும் சாஃபா எனப்படும் தேசியக் கால்பந்துச் சங்கத்தின் கையில் இருக்கின்றன. மூன்றாம் படி, ஏ.பி.சி. மோட்சேப்பே லீக் என்று அழைக்கப்படும் மாகாண லீக். ஒன்பது மாகாணங்களுக்கும் தனித்தனியாக நடப்பது. நான்காம் படி சாஃபா வட்டார லீக். பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் அதை எஸ்.ஏ.பி. லீக் என்றே சொல்கிறார்கள். நாடு முழுவதும் 52 வட்டாரங்கள் உள்ளன. அவற்றின் எல்லை கால்பந்துக்காக வரைந்ததன்று, 8 மாநகராட்சிகளும் 44 மாவட்ட நகராட்சிகளும் சேர்ந்த ஆட்சி எல்லையே வட்டார எல்லையாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் மாகாணமான க்வாசுலு-நட்டாலில் இவ்வாறு 11 வட்டாரங்கள் அமைகின்றன, எங்களுடையது டர்பன் மாநகராட்சியான எத்தெக்வினி. அதற்கும் கீழே, நாங்கள் இப்போது நிற்கும் எல்.எஃப்.ஏ. என்னும் உள்ளூர்ச் சங்கங்கள்.

இந்த அமைப்பில் ஒரு முடிச்சு இருக்கிறது. எங்கள் முடிவு முழுவதும் அதைச் சுற்றியே இருப்பதால் அதை விளங்கிக்கொள்வது அவசியம். முதல் பிரிவுக்கும் இரண்டாம் படிக்கும் இடையே போக்குவரத்து ஓரளவு தாராளமானது. இரண்டாம் படியில் முதலிடம் பெறும் அணி நேராக மேலே போகிறது. இரண்டாம், மூன்றாம் இடம் பெறுபவை முதல் பிரிவில் பதினைந்தாவதாக முடித்த அணியோடு தேர்வாட்டம் ஆடுகின்றன. மூன்றாம் படியிலிருந்து மேலே போகும் வாசலோ மிகக் குறுகியது. ஒன்பது மாகாண வாகையர்கள் ஓரிடத்தில் கூடித் தேசியத் தேர்வாட்டம் ஆடுகிறார்கள், அதன் இறுதிப் போட்டியை எட்டும் இரண்டு அணிகள் மட்டுமே ஏறுகின்றன. மாகாணத்துக்கு 16 அணிகள் என்று வைத்துக்கொண்டாலே 144 அணிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு இடங்கள்தாம். மாகாணத்தில் ஒரு பருவம் முழுவதும் தோற்காமல் ஆடிய அணிகூட, ஒரே வாரத்தில் நடந்து முடியும் தேர்வாட்டத்தில் ஒரு மோசமான பிற்பகலால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம். மேலே போனவர்களுக்கு பி.எஸ்.எல். மாத மானியம் தருகிறது, ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வருகின்றன. கீழே நிற்பவர்களுக்குத் தேசிய வாகையர் ஆனால் பத்து லட்சம் ராண்ட் பரிசு உண்டு. ஆகாதவர்கள் ஆண்டு முழுவதும் தங்கள் பையிலிருந்தே செலவழிக்கிறார்கள். மூன்றாம் படியில் கால் வைக்க விரும்பும் எந்தக் கழகமும், அங்கே எத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடியும் என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன்.

எங்கள் மூத்த உறுப்பினர்களுக்கு இந்தப் படிகள் புதியவை அல்ல என்றாலும், அவர்கள் வளர்ந்த கால்பந்து வேறு. 1903இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க இந்தியக் கால்பந்துச் சங்கமும் அதன் சாம் சைனா கோப்பையும், பின்னர் 1969 முதல் டர்பனின் கரீஸ் ஃபவுன்டன் மைதானத்தில் கூட்டம் கூட்டமாகப் பார்த்த ஃபெடரேஷன் தொழில்முறை லீக்கும் அவர்கள் நினைவில் இருப்பவை. இன அடிப்படையில் நாடு கூறுபட்டிருந்த அக்காலத்தில் ஏணிகளும் தனித்தனியாக இருந்தன. 1991இல் நான்கு அமைப்புகள் ஒன்றாகிச் சாஃபா பிறந்த பிறகுதான் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த்தும் கறுப்பினத்தவர் வாழும் உம்லாசியும் ஒரே அட்டவணையில் வந்தன. பழையதை நினைத்துப் பெருமூச்சு விடுவோருக்கு நான் சொல்வது: எதிரணிகள் கடினமாகிவிட்டன என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கடினம்தான் எங்கள் பையன்களை ஆட்டக்காரர்களாக்குகிறது.

இனி வழிகளுக்கு வருகிறேன். எல்.எஃப்.ஏ. லீக்கிலேயே தொடர்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவு மிகக் குறைவு, எதிரணி மைதானங்கள் பெரும்பாலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன, நடுவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு. பதினேழு, பதினெட்டு வயதில் நன்றாக ஆடும் பையன் ஒருவன் அங்கே இரண்டு பருவங்களுக்கு மேல் நிற்க மாட்டான், பக்கத்துக் கழகம் அழைத்ததும் போய்விடுவான். கடந்த சில ஆண்டுகளில் எங்களிடமிருந்து போனவர்கள் அனைவரும் வட்டார லீக்கில் ஆடும் கழகங்களுக்கே போனார்கள் என்பதைக் குழு மறக்கக் கூடாது.

வட்டார லீக்குக்கு ஏறுவது இரண்டாவது வழி. உள்ளூர்ச் சங்கங்களின் வாகையர்கள் தங்களுக்குள் ஆடி வெல்பவர்கள் எத்தெக்வினி லீக்கில் சேர்கிறார்கள். எங்களுக்கு அந்தத் தகுதி இப்போது இருக்கிறது. எல்லை மாநகராட்சிக்குள்ளேயே இருப்பதுதான் இந்தப் படியின் பெரிய நன்மை. வடக்கே டோங்காட், வெருலம், ஃபீனிக்ஸ், இனாண்டா, க்வாமாஷு, மேற்கே பைன்டவுன், தெற்கே உம்லாசி. எங்கள் மைதானத்திலிருந்து மிகத் தொலைவான பயணம்கூட ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். குவாந்தம் எனப்படும் சிற்றுந்து வண்டிகள் இரண்டை வாடகைக்கு எடுத்தால் காலையில் கிளம்பி, ஆடிவிட்டு, மதிய உணவுக்கு வீடு திரும்பிவிடலாம். மாவட்ட எல்லையையே வட்டார எல்லையாக வைத்ததால் கிராமப்புறக் கழகங்களுக்கு ஏற்படும் பயணச் சுமை, மாநகரக் கழகமான எங்களுக்கு இல்லை. மாகாணத்தின் வடக்கிலுள்ள உம்கான்யாகூடே வட்டாரத்தில் ஆடும் ஒரு சிறு கழகம் தன் சொந்த வட்டாரத்துக்குள்ளேயே நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய நேரிடும். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள், அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பது வீண்.

நான்காம் படியில் செலவு உயரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பயிற்சியாளருக்குச் சாஃபாவின் சான்றிதழ் வேண்டும், ஒவ்வொரு ஆட்டக்காரரும் மைசாஃபா என்னும் இணையப் பதிவில் முறைப்படி சேர்க்கப்பட வேண்டும். இளம் ஆட்டக்காரர்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற வயது விதிகளும் இந்தக் கீழ்ப் படிகளில் உண்டு. இவற்றை வெறும் காகித வேலை என்று எண்ணுபவர்களுக்கு 2020–21 பருவத்தை நினைவூட்டுகிறேன். அப்போது இரண்டாம் படியில் ஆடிய பொலொக்வானே சிட்டி, ஓர் ஆட்டத்தில் போதுமான இருபத்துமூன்று வயதுக்குட்பட்டவர்களைப் பட்டியலிடவில்லை என்ற முறையீடு மத்தியஸ்தத் தீர்ப்பாயம் வரை போனது. எதிரணியான செகுகுனே யுனைடெட்டுக்கு மூன்று புள்ளிகள் வழங்கப்பட்டன. அந்த மூன்று புள்ளிகள்தாம் முதல் பிரிவுக்கு நேராக ஏறுவது செகுகுனேயா ராயல் ஏ.எம்.மா என்பதை முடிவு செய்தன. ஒரு பெயர்ப் பட்டியல் நாட்டின் தலைப்புச் செய்தியாயிற்று. எங்கள் கழகத்தில் பதிவேடு எழுதும் பொறுப்பு இன்னும் ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

மூன்றாவது வழியாகிய இடத்தை விலைக்கு வாங்குவதை இங்கே எல்லோரும் ஸ்டேட்டஸ் வாங்குவது என்பார்கள். பணம் இருப்பவர் மாகாண லீக்கில் ஆடும் ஓர் அணியின் உறுப்பினர் இடத்தைப் பெற்று, சங்கத்தின் ஒப்புதலோடு பெயரையும் ஊரையும் மாற்றிக்கொள்ளலாம். இதைத் தவறான வழி என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. டி.எஸ். கேலக்சி 2018இல் கேப் டவுன் ஆல் ஸ்டார்ஸின் இடத்தை வாங்கி இரண்டாம் படிக்கு வந்தது; அடுத்த ஆண்டே, 2019 மே மாதம், இங்கே டர்பனில் மோசஸ் மபிடா மைதானத்தில் நடந்த நெட்பேங்க் கோப்பை இறுதிப் போட்டியில் கைசர் சீஃப்ஸை 1–0 என்று வென்றது. 2020இல் ஹைலண்ட்ஸ் பார்க்கின் இடத்தையும் வாங்கி முதல் பிரிவில் அமர்ந்தது. எங்கள் குழுவில் இந்த வழியை ஆதரிப்பவர்கள் இந்த ஒரு கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், கதை உண்மைதான்.

இதே மாகாணத்தில் நடந்த மற்றக் கதைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தாண்டா ராயல் சூலு 2016–17இல் இரண்டாம் படியை வென்று, ஆடுகளத்திலேயே முதல் பிரிவுக்குத் தகுதி பெற்றது; அந்த இடத்தை டர்பனின் ஆமாசூலு அணி வாங்கியதும், வென்ற அணி இல்லாமலே போயிற்று. ராயல் ஏ.எம். 2020இல் டர்பனின் ரியல் கிங்ஸ் அணியின் இடத்தை வாங்கியது. மேலே சொன்ன மூன்று புள்ளி வழக்கில் தோற்ற பிறகு, 2021இல் புளூம்ஃபொன்டைன் செல்டிக்கின் இடத்தை வாங்கி முதல் பிரிவுக்குள் நுழைந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நகரத்தின் பெயரோடு இருந்த செல்டிக் ஒரே பருவ இடைவெளியில் அட்டவணையிலிருந்து மறைந்தது. ராயல் ஏ.எம். சில காலம் எங்கள் சாட்ஸ்வொர்த் ஸ்டேடியத்தையே சொந்த மைதானமாக வைத்து ஆடியது. வரிச் சிக்கல்களில் மாட்டி, 2025இல் பி.எஸ்.எல்.லிலிருந்து நீக்கப்பட்டது. வாங்கிய இடம் வாங்கியவருடைய பணப்பையைப் பொறுத்தே நிற்கும். அந்தப் பை வற்றினால், அணியைக் காப்பாற்ற ஊர் என்ற ஒன்று பின்னால் இருக்காது.

எங்களுக்கு இன்னும் அருகில் உள்ள எடுத்துக்காட்டு மானிங் ரேஞ்சர்ஸ். 1928இல் தொடங்கிய இந்தக் கழகம், இந்தியர் லீக்குகளிலும் ஃபெடரேஷன் லீக்கிலும் ஆடி வளர்ந்து, 1996–97இல் கோர்டன் இகேசுந்தின் பயிற்சியில் பி.எஸ்.எல்.லின் முதலாவது பட்டத்தையே வென்றது. சீஃப்ஸ், பைரேட்ஸ், சன்டவுன்ஸ் போன்ற பெரிய அணிகள் எல்லாம் ஆடிய லீக்கில், சாட்ஸ்வொர்த்தில் ஆடிய, மைட்டி மௌலர்ஸ் என்ற செல்லப்பெயர் கொண்ட ரேஞ்சர்ஸ் முதலிடம் பெற்றார்கள் என்பதை இன்றைய பையன்களிடம் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள். அவர்கள் அதைக் கண்ணால் காணாததற்குக் காரணம் உண்டு: தரமிறங்கிய பின் அந்த இடம் கைமாறியது, கேப் டவுனுக்குப் போயிற்று, ஈகாப்பா ஸ்போர்ட்டிங் என்ற பெயரைப் பெற்றது. பட்டம் வென்ற கழகம் தன் ஊரில் ஒரு பத்து வயதுச் சிறுவர் அணியைக்கூட விட்டுவிட்டுப் போகவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நாங்கள் வாங்குவோர் பக்கம் நிற்பதாக இருந்தால், எங்களுக்கு விற்பவர் யாருடைய ஊர் அணியைக் காலிசெய்து விற்கிறார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

எங்களிடம் பேச வந்தவரைப் பற்றிய ஒரு சிறு குறிப்பையும் சேர்க்கிறேன். அவர் கொண்டுவந்த கடிதத்தில் அணியின் பெயரும் விலையும் இருந்தன. அந்த அணியின் பழைய ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. இடத்தோடு கடனும் வழக்கும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், ஆழம் அறியாமல் காலை விட நான் யாருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன். அப்படியே சுத்தமான இடம் கிடைத்தாலும் அது கொண்டுபோய் நிறுத்துவது முன்பு சொன்ன குறுகிய வாசலின் முன்னால்தான். மாகாண லீக் என்றால் நியூகாசில் வரை ஏறத்தாழ 330 கிலோமீட்டர், ஃப்ரைஹைட், லேடிஸ்மித், உம்கான்யாகூடேயின் வடகோடி. குவாந்தம் வண்டிகள் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், சில வாரங்களில் இரவு தங்கவும் வேண்டும். எட்டு மாதங்களுக்கு இதைச் செய்யும் வசதி எங்களுக்கு இல்லை.

நான்காவது, சிறுவர் கழகமாக மட்டும் மாறுவது. இதை முன்மொழிந்தவர் சோம்பலால் சொன்னார் என்று சிலர் சிரித்தார்கள். எனக்கு இது நான்கில் இரண்டாவது சிறந்த வழியாகத் தெரிகிறது. காரணம் ஃபிஃபாவின் கூட்டுறவுப் பங்கு விதி. ஓர் ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு விலைபேசி மாறும்போது, அந்த விலையில் ஐந்து சதவீதம் அவரைப் பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது: பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையிலான ஒவ்வொரு பருவத்துக்கும் கால் சதவீதம், அதற்குப் பிந்திய ஒவ்வொரு பருவத்துக்கும் அரை சதவீதம். எங்களிடம் அந்த முதல் நான்கு பருவங்கள் ஆடிய ஒரு பையன் பின்னாளில் ஒரு கோடி ராண்டுக்கு வெளிநாடு போனால், எங்களுக்கு ஒரு சதவீதம், அதாவது ஒரு லட்சம் ராண்ட் வரும். பதினெட்டு வயது வரை எங்களிடமே இருந்திருந்தால் இரண்டரை லட்சம். 2022 முதல் இந்தப் பணம் ஃபிஃபாவின் தீர்வகம் வழியாகவே கணக்கிடப்படுகிறது; அந்தக் கணக்கு ஆட்டக்காரரின் மின்னணுப் பதிவு வரலாற்றைப் பார்க்கிறது. பதிவு இல்லாத பருவத்துக்குக் கால் சதவீதமும் கிடையாது. மீண்டும் அந்த நோட்டுப் புத்தகத்திடம்தான் வந்து நிற்கிறோம்.

இந்தக் கணக்கைப் பார்த்து யாரும் கனவு காண வேண்டாம். ஒரு கோடி ராண்டுக்கு வெளிநாடு போகும் பையன் ஒரு தலைமுறையில் ஒருவன் வந்தால் பெரிது. பெரியவர்கள் அணி இல்லாத கழகத்தில் பதினாறு வயதுப் பையன் எதற்காக நிற்பான் என்ற கேள்வியும் இருக்கிறது; அவன் பார்த்து வளர ஒரு முதல் அணி வேண்டும். அதனால்தான் இந்த வழியைத் தனியாக எடுப்பதைவிட இரண்டாவது வழியோடு பின்னிவிடுவது பொருத்தம் என்று கருதுகிறேன். வட்டார லீக்கில், இளம் ஆட்டக்காரர்களை ஆடவையுங்கள் என்று லீக்கே கேட்கிறது. பதினேழு வயதுப் பையனுக்கு முதல் அணியில் இடம் கொடுப்பது அங்கே தியாகமே அன்று, விதியை நிறைவேற்றுவதுதான்.

பெண்கள் அணி பற்றி ஒரு வார்த்தை. அந்த ஏணி குட்டையானது: உச்சியில் 2019இல் தொடங்கிய தேசிய லீக், அதற்கு நேர் கீழே 2009 முதல் ஒன்பது மாகாணங்களிலும் நடக்கும் சாசோல் லீக், அதற்குக் கீழே வட்டாரம். எங்கள் சிறுமியர் அணி இப்போது நட்பு ஆட்டங்கள் மட்டுமே ஆடுகிறது. ஆண்கள் அணிக்கு எந்த முடிவு எடுத்தாலும், இவர்களை வட்டார அளவில் பதிவு செய்வதற்குத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆக, என் பரிந்துரை வட்டார லீக். அதிலும் மூன்று பருவங்கள் அங்கேயே நிற்பது என்ற எண்ணத்தோடு போவது. இடையில் லீக்கை வென்று மற்றப் பத்து வட்டார வாகையர்களோடு மாகாணத் தேர்வாட்டம் ஆடும் வாய்ப்பு வந்தால் ஆடுவோம். மேலே போனால் பயணச் செலவுக்கு எழுத்தில் உறுதி தரும் ஆதரவாளர் ஒருவராவது இல்லாமல் மூன்றாம் படியில் பதிவு செய்வதில்லை என்பதை இப்போதே தீர்மானமாக எழுதி வைத்துவிடலாம். வெற்றி பெற்ற மறுநாள் இதைப் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. சிறுவர்கள் உட்பட எல்லோருடைய பதிவும் மைசாஃபாவில் ஏற வேண்டும், அதற்கு இரண்டு இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். பயிற்சியாளர் இருவரில் ஒருவர் அடுத்த சான்றிதழ் வகுப்புக்குப் போக வேண்டும். ஆட்ட நாள் குறித்து ஒரு சங்கடமும் இருக்கிறது: புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும், மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும் ஈஸ்டர் வாரத்திலும் எங்கள் அணியில் பாதிப் பேர் வர மாட்டார்கள். உள்ளூர்ச் சங்கத்தில் எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால் ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொன்னால் தள்ளிவைத்தார்கள். வட்டார அட்டவணையில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. வராத அணிக்கு ஆட்டம் போய்விடும். புரட்டாசியில் ஆட முடிந்தவர்களின் பெயர்களைச் செயலாளர் இந்த மாதமே குறித்துவைத்துக்கொள்வது நல்லது.